ஒரு முழத்துக்கு உள்ளே

1

காலை ஆறு மணி பத்து நிமிடம். அறை விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில், விரித்த செய்தித்தாளின் மேல் கிடந்த எலிக்குஞ்சு. வெள்ளிக்கிழமை மாலை விழுங்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே கிடந்தது. தலைப்பக்கம் கரைந்திருந்தது. வால்பக்கம் அப்படியே இருந்தது. அடியில் இருந்தது நான் வேலை பார்க்கும் நாளிதழின் மூன்றாம் பக்கம். தலைப்பில் 'மாநகராட்சி' என்ற சொல்லில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. அந்தப் பக்கத்தைத் திருத்தியவன் நான்.

பாம்பு இன்னொரு மூலையில், ஓட்டுச் சில்லுக்குக் கீழே சுருண்டிருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. வாந்தி எடுத்த பாம்பைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள் என் மகள் நித்யா. பாம்பு அவளுடையது. ஐந்து மாதங்களுக்கு முன் பூனாவுக்குப் படிக்கப் போனபோது என்னிடம் விட்டுச் சென்றாள். இன்னும் அரை மணி நேரத்தில் ரயிலிலிருந்து இறங்கி ஆட்டோவில் வந்துவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவளிடம் நான் சொன்ன எடை ஐம்பத்திரண்டு கிராம். பெட்டியில் இருந்த பாம்பின் எடை இருபத்தொன்று.

2

என் சொந்த ஊரான குடியாத்தத்து நண்பர்கள், நாலரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் வந்துவிடும் பெங்களூரைப் பற்றிக் கடல் கடந்தவன் போல எழுதுகிறாயே என்று கேட்பதுண்டு. தூரக் கணக்கு சரிதான். எல்லையில் அத்திபெலே தாண்டும்போது கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது; கடைக்குள் நடக்கும் பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. மாறுவது வேறு ஒன்று. ஊரில் எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டால் அடுத்த தெருவில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பதினைந்து ஆண்டுகளாகப் பெங்களூரில் இருக்கிறேன். ஊரிலிருந்து பேசும் என் அண்ணன், என் தணிந்த குரலைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் முதலில் கேட்பது, "ஏன்டா, உடம்பு சரியில்லையா?"

இந்தக் குறிப்பு பாம்பைப் பற்றியது. ஆகவே பாம்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் மக்காச்சோளப் பாம்பு. அமெரிக்காவில் வயல் பக்கங்களில் எலி தின்று வாழ்வது. விஷம் இல்லை. ஆரஞ்சு உடம்பில் சிவப்புத் திட்டுகள். அடிவயிற்றில் மணிமணியாகக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். முழுதாக வளர்ந்தால் நாலடி இருக்கும். முட்டையை விட்டு வரும்போது ஒரு பென்சிலின் கனம்கூட இருக்காது. நித்யாவின் தோழிக்கு ஓர் அண்ணன். ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. அவர் வீட்டில் முட்டைகள் பொரிந்தன. ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. ஏழு கிராம், பதினோரு அங்குலம். சோளத்துக்குக் கன்னடத்தில் ஜோளா. நித்யா அந்தப் பெயரை வைத்தாள்.

வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு ஏதும் வேண்டுமா என்று கேட்க நான் வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த ஹாவு லிஸ்ட்லயே இல்ல சார். எந்த ஊர்ப் பாம்பு?"

"அமெரிக்கா."

அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். "நோடப்பா, இங்கிருந்து எல்லாரும் அங்க போறாங்க. இது அங்கிருந்து இங்க வந்திருக்கு. விசா கேக்கறாரு."

அனுமதி தேவையில்லை என்றாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். பட்டியலில் இல்லாததைப் பற்றி எதுவும் எழுதித் தர முடியாது என்றார். ஒரு தாள் கையில் இருந்தால் நல்லது என்று நினைக்கும் மனிதன் நான். இந்த ஊரில் அப்படி ஆனவன். வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன்.

நித்யாவுக்கு அப்போது பதினேழு வயது. பாம்பு வளர்ப்பைப் பற்றி அவள் சொன்னதை நான் செய்திக் குறிப்பு எடுப்பது போல எழுதிக்கொண்டேன். வாரம் ஒரு முறை தீனி. தீனியின் பருமன் பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடத்தின் பருமன் அளவுக்கு இருக்கலாம், கொஞ்சம் கூடலாம். பாம்பு வளர வளர எலியும் வளர வேண்டும்: முதலில் மயிர் முளைக்காத குஞ்சு, பிறகு மயிர் முளைத்த குட்டி. பெட்டியின் ஒரு பக்கம் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. கண் பால்நிறமானால் தோல் உரிக்கப் போகிறது. அப்போது தீனி வேண்டாம். முதுகெலும்பு கத்தி முனை போலத் தெரிந்தால் பட்டினி. செதில்களுக்கு இடையே தோல் தெரிந்தால் கொழுப்பு.

"எவ்ளோ பெருசுங்கறது முக்கியம் இல்லப்பா," என்றாள். "சில பாம்பு ஸ்லோவா வளரும், பரவால்ல. ஆனா ஏறிட்டே இருக்கணும். ஒரு வெயிட்லயே நின்னுடுச்சுன்னா ஏதோ தப்புன்னு அர்த்தம்."

சிக்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன மின் தராசு ஒன்று வாங்கினோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அவளே கோடு போட்டாள். தேதி, எடை, நீளம், தீனி.

3

தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியில், மாடியில் எங்கள் வாடகை வீடு. கீழே உரிமையாளர் ஜயம்மா. அப்போது அவருக்கு அறுபது வயது இருக்கும். கணவர் இல்லை. எங்களோடு வீட்டுக்குள் தமிழ் பேசுவார், வாசலில் கன்னடம் பேசுவார். ஜோளா வந்த வாரம் மேலே வந்தார். பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"அய்யோ, புழு மாதிரி இருக்கு. இருக்கட்டும் விடுங்க ரீ," என்றார். பிறகு இடது கையை நீட்டி, வலது கை விரலை முழங்கையில் வைத்தார். "ஆனா நோடி, என் கையால ஒரு முழம். அது தாண்டிச்சோ, பாம்பும் காலி, நீங்களும் காலி."

சிரித்தார். நித்யா சிரித்தாள். என் மனைவி சரோஜாவும் சிரித்தாள். நான் அவர் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை கண்ணால் அளந்தேன். பதினேழு அங்குலம். கூடினால் பதினேழரை.

நான் ஏன் அளந்தேன் என்பதற்குத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் டிசம்பருக்குப் போக வேண்டும். காவிரிக் கலவரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பிற்பகல். வாசலுக்கு எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவன் கையில் சைக்கிள் சங்கிலி. மாடிப்படியின் அடியில் தமிழில் என் பெயர் எழுதிய மரப்பலகை இருந்திருக்க வேண்டும். காலையிலேயே ஜயம்மா அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோயிருந்தார். என்னிடம் கேட்கவில்லை. பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு வாசலில் நின்று, மேலே இருப்பவர்கள் சித்தூர்ப் பக்கம், தெலுங்குக்காரர்கள் என்றார். ஒருவன் மாடியை நிமிர்ந்து பார்த்தான். நான் சன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நித்யாவுக்கு நாலு வயது. பின் அறையில் சரோஜா அவள் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். மாலையில் சரோஜாவின் உள்ளங்கையில் இரண்டு பல் தடங்கள் இருந்தன.

அன்று முதல் அந்தத் தெருவுக்கு நாங்கள் தெலுங்குக்காரர்கள். அப்பா, அம்மா என்ற இரண்டு சொற்களும் கன்னடத்திலும் அவையே. ஆகவே அவற்றை மட்டும் நித்யா தெருவில் உரக்கச் சொல்லலாம். மற்றவை வீட்டுக்குள். அடுத்த ஆண்டு பள்ளி விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் நான் தெலுங்கு என்று எழுதினேன். இரண்டாம் மொழி கன்னடம். எழுத்து கற்கும் வயதில் வீட்டிலும் தமிழ்ப் புத்தகம் எடுக்கவில்லை. பைக்குள் இருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு கற்றுக்கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். அவள் பேசுவாள். படிக்கத் தெரியாது. நாள் முழுக்கத் தமிழ் எழுத்தில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனின் மகள்.

கலவரம் ஓய்ந்து அடுத்த ஆண்டு அதே தேதியில் சரோஜா சர்க்கரைப் பொங்கல் வைத்து ஒரு தட்டில் கீழே அனுப்பினாள். ஜயம்மா எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டார். அப்போதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் அந்தத் தேதியில் தட்டு போகிறது. மாலையில் தட்டு கழுவித் திரும்பி வரும், உள்ளே இரண்டு வாழைப்பழம். பெயர்ப் பலகை திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

4

ஜூலையில் நித்யா பூனாவுக்குப் போனாள். விலங்கியல் பட்டப்படிப்பு, விடுதி. போகும்போது ஜோளாவின் எடை பதினெட்டு கிராம், நீளம் பதினாறு அங்குலம். முழத்துக்கு ஓர் அங்குலம் பாக்கி.

தீனி கிடைப்பது ஹெப்பகோடியில். செல்வம் என்பவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வெள்ளை எலி வளர்க்கிறார். கல்லூரி ஆய்வகங்களுக்குக் கொடுப்பார். கோலார் தங்கவயல்காரர், அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள், சுரங்கம் மூடியபின் இவர் இங்கே வந்தார். எலிக்குஞ்சுகளைக் குளிரவைத்து, பனிக்கட்டியோடு கட்டித் தருவார். அவற்றை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைப்போம். தவறிப்போய்த் திறந்துவிடாதபடி டப்பாவின் கழுத்தில் சரோஜா சிவப்பு நூல் கட்டியிருந்தாள்.

முதல் மாதம் நித்யா சொன்னபடியே செய்தேன். வாரம் ஒன்று. எடை இருபதைத் தொட்டது. நூலை உடம்போடு பிடித்து அளந்தேன்: பதினாறே முக்கால் அங்குலம்.

அன்றிரவு சாப்பிடும்போது சரோஜாவிடம் சொன்னேன். "இப்படிப் போனால் தீபாவளிக்குள் ஒரு முழம் தாண்டிவிடும்."

"தாண்டட்டுமே," என்றாள். "அவங்க வெளையாட்டுக்குச் சொன்னது."

"வீட்டுக்காரங்க விளையாட்டுக்குச் சொல்ல மாட்டாங்க."

அடுத்த வாரம் நான் தீனி போடவில்லை. அதற்கடுத்த வாரம் போட்டேன். அப்படியே இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன், அதுவும் இருப்பதிலேயே சிறிய குஞ்சு. பாம்பு சாகாது, படித்திருந்தேன். நீளாது.

செல்வம் கவனித்தார். அவருடைய தொழில் அது.

"இன்னா சார், ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் வெறும் தோலு குஞ்சே வாங்கினு போறீங்க? இந்நேரம் மயிரு மொளச்சது துன்னுணுமே."

"அது மெதுவாகத்தான் வளர்கிறது."

"எத்தினி போடறீங்க?"

"போதுமான அளவு."

"ரெண்டு மாசத்துல நாலு வாங்கினீங்க. நானே கட்டிக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா?" கொட்டகைக் கதவைச் சாத்தினார். "சின்னதாவே இருக்கணும்னா பொம்ம பாம்பு வாங்கியிருக்கலாம் சார். சாவி குடுத்தா நெளியும். ஓனரம்மாவும் ஒண்ணும் சொல்லாது."

ஓனரம்மா பற்றி நான்தான் முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தேன். தெருவில் தெலுங்குக்காரனாக இருக்கிற கதையையும் சொல்லியிருந்தேன். அதற்கு அவர் அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தார். "எங்க ஊர்ல தெலுங்குக்காரன் தமிழ் பேசுவான் சார். நீங்க ஒருத்தர்தான் தமிழ்க்காரரா இருந்து தெலுங்குக்காரரா வாழறீங்க. பேசவாவது வருமா?"

"கொஞ்சம்."

"பாம்புக்கு இன்னா பாஷைன்னு எழுதிக் குடுத்தீங்க?"

5

ஞாயிறு காலை பத்து மணிக்கு நித்யா விடுதித் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவாள். வரிசையில் ஆட்கள் நிற்பார்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருவாள்.

"அப்பா, ஜோளா வெயிட்?"

முதல் முறை பொய் சொன்னது ஆகஸ்டில். தராசு பத்தொன்பது காட்டியிருந்தது. ஒரு கிராம் இறங்கியிருந்தது. நான் இருபத்திரண்டு என்றேன். "சூப்பர்ப்பா," என்றாள். அந்தச் சொல்லைக் கேட்க நன்றாக இருந்தது. அதன்பின் இருபத்தேழு, முப்பத்துமூன்று, முப்பத்தெட்டு, நாற்பத்துநாலு. நானாகவே ஒரு வளர்ச்சிக் கோடு போட்டேன். ஒரே சீராக ஏறினால் சந்தேகம் வரும் என்று தோல் உரித்த வாரங்களில் ஏறாமல் வைத்தேன். இருபத்தாறு ஆண்டு பத்திரிகைத் தொழில். புள்ளிவிவரம் எப்படி இருந்தால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நோட்டில் பொய் எழுத முடியவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அச்சில் ஏறிய எண் தவறாக இருந்தால் மறுநாள் திருத்தம் போட வேண்டும் என்று பழகிய கை. பேனாவை எடுத்தால் உள்ளதைத்தான் எழுதியது. அதனால் ஒன்று செய்தேன். நித்யா இருந்தவரை அவள் எண்களை ஆங்கில முறையில் எழுதியிருந்தாள். ஆகஸ்டிலிருந்து நான் தமிழில், எழுத்தால் எழுதினேன். பத்தொன்பது. பத்தொன்பதரை. இருபது. இருபது. இருபத்தொன்று. அவள் நோட்டைப் புரட்டினாலும் படிக்க முடியாது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு அவள் எடை கேட்கவில்லை.

"அப்பா, இங்க என் ரூம்மேட் ஒருத்தி ஹைதராபாத். என் சர்ட்டிஃபிகேட் பாத்துட்டு தெலுங்குல பேசறா. நான் முழிக்கறேன். மதர் டங் தெலுகுன்னு போட்டிருக்கே, யாரு போட்டா?"

"நான்தான்."

"ஏன்?"

"அப்போ அப்படி இருந்தது."

"அப்ப நான் என்னதான்ப்பா?" பின்னால் யாரோ அவசரப்படுத்தும் குரல் கேட்டது. "சரி விடுங்க. ஜோளா வெயிட் சொல்லுங்க."

நாற்பத்துநாலு என்றேன்.

நவம்பரில் குளிர் வந்தது. பெட்டியின் மேல் நித்யா மாட்டியிருந்த சிவப்பு விளக்கு இரவில் சன்னல் வழியே தெருவுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர், "மேல் அறையில என்ன சிவப்பா எரியுது?" என்று ஒரு நாள் கேட்டார். சாமி விளக்கு என்று சொன்னேன். அன்றிலிருந்து மாலையானால் அணைத்துவிடுவேன். சூடு இல்லாவிட்டால் செரிக்காது என்பது என் குறிப்பிலேயே இருந்தது.

6

ஆறு நாற்பதுக்கு ஆட்டோ வந்து நின்றது. எலிக்குஞ்சைக் காகிதத்தோடு சுருட்டிக் குப்பையில் போட நேரம் இருந்தது. போடவில்லை. ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

நித்யா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகப் பெட்டிக்குப் போனாள்.

"ரிகர்ஜிட்டேட் பண்ணியிருக்கு! எப்பப்பா?"

"ராத்திரி இருக்கும்."

விளக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு. லைட் ஏன் ஆஃப்?"

அவள் தரையில் உட்கார்ந்து, ஓட்டுச் சில்லின் இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜா அடுக்களையில் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அந்தத் தேதி.

"அப்பா, இது ஐம்பத்திரண்டா?"

"சுருண்டிருக்கு. அதனால் அப்படித் தெரியுது."

"வெளிய எடுக்க முடியாது. பத்து நாளைக்குத் தொடக்கூடாது." எழுந்து அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள். தன் கையெழுத்து முடியும் இடத்தைத் தாண்டிப் புரட்டினாள். என் கையெழுத்து வந்த பக்கங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கடைப் பலகையில் தெரியாத எழுத்தைப் பார்ப்பவரின் முகம்.

"ஏன் தமிழ்ல எழுதினீங்க?"

"பழக்கம்."

நோட்டை என்னிடம் நீட்டினாள். "படிங்க."

வாங்கினேன். முதல் சில வரிகள் ஜூலை மாதத்தவை, எண்ணாலேயே எழுதியவை. "பதினெட்டரை," என்று படித்தேன். அது சரி. "பத்தொன்பது." சரி. "இருபது." அதுவும் சரி. அடுத்த வரி ஆகஸ்ட் நடுவில் தொடங்கியது. பத்தொன்பது என்று என் கையெழுத்தில், நீல மையில், தெளிவாக இருந்தது.

"இருபத்திரண்டு," என்று படித்தேன்.

நித்யா தலையசைத்தாள். தொலைபேசியில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அடுத்த வரி பத்தொன்பதரை. "இருபத்தேழு," என்றேன்.

சரோஜா எப்போது என் பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. கையில் அரிசி களைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு பக்கத்தில் விழுந்தது.

"பத்தொம்போதரைன்னு போட்டிருக்கு," என்றாள்.

சரோஜா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நோட்டை என் கையிலிருந்து எடுத்தாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். மேலே போய் முந்தைய வரியிலிருந்து தொடங்கினாள். "பத்தொம்போது. பத்தொம்போதரை. இருவது. தீனி இல்லை. இருவது. தீனி இல்லை." நிறுத்தாமல், வேகமும் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி டிசம்பர் வரை படித்து முடித்தாள். "இருவத்தொண்ணு. நீளம் பதினேழுக்குக் கொஞ்சம் கம்மி."

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"தீனி கம்மியா போடறது தெரியும். உன்கிட்ட வேற சொல்றது தெரியாது. நான்தான் ஞாயித்துக்கெழம அந்நேரம் சர்ச்சுக்குப் பக்கத்துல காய் வாங்கப் போயிடறேனே."

நித்யா என்னைப் பார்த்தாள். "ஏன்ப்பா?"

ஒரு முழம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஜோளா வந்த ஜனவரியில் ஜயம்மா கையை நீட்டிக் காட்டியதைச் சொன்னேன். அவளுக்கு நினைவே இல்லை.

"ஒரு ஜோக்குக்காகவா?" என்றாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சன்னல் திறந்திருந்தது. குரலை இறக்கிக்கொண்டுதான் பேசினாள், வீட்டில் கற்றுக்கொடுத்தபடி. "அஞ்சு மாசம் அதைப் பட்டினி போட்டீங்க. நான் ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். என் ஜோளா ஃபிஃப்டி டூன்னு. கிராஃப் வேற போட்டு செவுத்துல ஒட்டியிருக்கேன்."

7

பொங்கல் தட்டை அன்று சரோஜாவே கீழே கொண்டுபோனாள். பதினோரு மணிக்கு ஜயம்மா மேலே வந்தார். வழக்கமாக மாலையில்தான் தட்டு திரும்பும். நித்யா வந்தது கேட்டு, கையோடு தட்டையும் எடுத்து வந்திருந்தார். இரண்டு வாழைப்பழம் இருந்தது.

"ஏன் மகளே, இளைச்சுப் போயிட்டே? ஹாஸ்டல் சோறு சரியில்லையா?" நித்யாவின் கன்னத்தைப் பிடித்தார். பிறகு பெட்டிப் பக்கம் போனார். அதற்குள் விளக்கு போட்டிருந்ததால் பாம்பு சூட்டுக்காகச் சில்லை விட்டு வெளியே வந்திருந்தது. நீளமாகக் கிடந்தது. முதுகெலும்பு தெரிந்தது.

ஜயம்மா குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஏன் ரீ, இன்னும் இவ்வளவுதானா? ஒரு வருசம் ஆகப் போகுதே. சீக்கா?"

நான் சொல்லும் முன் நித்யா சொன்னாள். "உங்க முழம் தாண்டக்கூடாதுன்னு அப்பா சாப்பாடு போடல ஆன்ட்டி."

ஜயம்மாவுக்கும் நினைவு வரச் சற்று நேரமானது. வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அய்யோ, நான் தமாஷுக்குச் சொன்னது சார். என் தம்பி வீட்ல நல்ல பாம்பே வந்து போகும், நாங்க பாக்காத பாம்பா? இது எவ்ளோ பெருசாகுதுன்னு பாக்கலாம்னு நான் காத்திட்டிருந்தேன். நீங்க ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்கத் தோன்றவில்லை."

"நீங்க எதையும் கேக்க மாட்டீங்க," என்றார். கோபமில்லை. "உங்க பேர்ப் பலகை பரண்மேல பதிமூணு வருசமா கெடக்கு. ஒவ்வொரு யுகாதிக்கும் தூசு தட்டி வெக்கறேன். இந்த வருசம் கேப்பார், அடுத்த வருசம் கேப்பார்னு. இந்தத் தெருவுல நீங்க தமிழ்க்காரர்னு தெரியாதவங்க யாரு? அன்னைக்கு வந்த பசங்கள்ல ரெண்டு பேருக்குக்கூடத் தெரியும். நான் சொன்னேன்னு போனாங்க."

அவர் போனபின் தட்டு மேசைமேல் இருந்தது. வாழைப்பழத்தை யாரும் எடுக்கவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் அந்தத் தெருவில் சித்தூர்க்காரனாக நடந்திருக்கிறேன். கடையில் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொல்லிச் சில்லறை வாங்கியிருக்கிறேன். அவர்களும் தெலுங்கில் பதில் சொல்லிச் சில்லறை கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பேரின் நாகரிகத்தையும் ஒரே முற்பகலில் தெரிந்துகொள்வது சுகமான அனுபவம் அல்ல. நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. என்னைப் பயமுறுத்தியவர்கள் எட்டுப் பேர், ஒரு பிற்பகல். மீதி நாட்களின் பயத்தை நானே வளர்த்தேன். அதற்கு மட்டும் ஒரு வாரம்கூடத் தீனி தவறவில்லை.

8

பத்து நாட்கள் ஜோளாவுக்குத் தீனி இல்லை, விதி அது. பதினோராம் நாள் நித்யா ஹெப்பகோடிக்கு என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். செல்வம் அவளுக்கு வேண்டியதைக் கொடுத்தனுப்பினார். சின்னக் குஞ்சை இரண்டாக வெட்டி, முதலில் பாதி. அது வயிற்றில் நின்றது. ஆறு நாள் கழித்து முழுதாக ஒன்று. அதுவும் நின்றது. விளக்கு இரவும் பகலும் எரிந்தது. எதிர்வீட்டுக்காரர் மறுபடி கேட்டார். சன்னலில் நின்றிருந்த நித்யா, பாம்பு என்று கன்னடத்தில் கத்திச் சொன்னாள். அவர் தம் பேத்தியை அழைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

என்னிடம் அவள் கோபமாக இல்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். பாம்பைப் பற்றி எதுவும் கேட்க மாட்டாள். ஒரு நாள் நான் தமிழ் எழுத்து கற்றுத் தரட்டுமா என்று கேட்டேன். "இப்பவா?" என்றாள். பிறகு குளிக்கப் போனாள்.

ஜனவரி முதல் வாரத்தில் கிளம்பினாள். ஜோளாவைத் துணிப்பையில் போட்டு, காற்றுத் துளையிட்ட டப்பாவில் வைத்து ஒயிட்ஃபீல்டுக்குக் கொண்டுபோய், அது பிறந்த வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினாள். ஆட்டோ வரை பையை நான் தூக்கிச் சென்றேன். தெருவில், "போயிட்டு வரேன்பா," என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். அப்பா என்ற சொல் கொண்ட வாக்கியம் அது. தெருவில் எங்கள் வழக்கத்தில் இல்லாதது மற்ற இரண்டு தமிழ்ச் சொற்கள்.

அதன்பின் ஞாயிறுகளில் தொலைபேசி அம்மாவுக்கு வருகிறது. நான் பக்கத்து அறையில் இருப்பேன். எடை என்ன என்று சரோஜாவிடம் கேட்டால், அவள் கேட்டுச் சொல்வாள். சில வாரம் மறந்துவிடுவாள்.

நேற்று சரோஜாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒயிட்ஃபீல்டிலிருந்து நித்யாவுக்கு வந்ததை அவள் அனுப்பியிருந்தாள். எழுபத்தெட்டு கிராம். இருபத்தாறு அங்குலம். நோட்டில் எழுதி வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். தராசு இருந்தது. அளக்கும் நூல் இருந்தது. நோட்டு இல்லை, நித்யா போகும்போது எடுத்துப் போயிருக்கிறாள்.